முதல் ரிக் வாங்குகிறீர்களா? 150 வேண்டாம், 190 தேடுங்கள்

கேள்வி கேட்டவர் கலிபோர்னியாவில் பெரிஸ் ட்ராப்ஸோனில் (குதித்து இறங்கும் மைதானம்) ஸ்கைடைவிங் கற்று, ஏ லைசென்ஸ் என்ற முதல்நிலை உரிமம் வாங்கியவர். 38 ஜம்ப் ஆகியிருக்கிறது, எடை 72 கிலோ. வாடகை ரிக்குக்கே (முதுகில் மாட்டும் முழுப் பாராசூட் தொகுப்பு) பணம் கரைகிறது என்று சொந்தமாக வாங்கப் பார்க்கிறார். கூடக் குதிக்கும் நண்பர் ஒருவர் தன் பழைய ரிக்கை மலிவாகத் தருகிறாராம். அதில் இருக்கும் மெயின் கேனபி, அதாவது வழக்கமாக விரிக்கும் பாராசூட் துணி, 150 சதுர அடி. "கொஞ்சம் வேகமா இருக்கும், பத்து ஜம்ப்ல பழகிடும்" என்று நண்பர் சொல்லியிருக்கிறார். இதை வாங்கலாமா, ஏஏடி (ரிசர்வ் என்ற மாற்றுப் பாராசூட்டைத் தானாகத் திறக்கும் கருவி), ஹெல்மெட், கோப்ரோ கேமரா இவற்றில் எதற்கு முதலில் செலவு செய்வது, அடுத்த இருநூறு ஜம்ப்பை எலும்பு உடையாமல் கடப்பது எப்படி, இவைதான் கேள்விகள்.

முதல் கேள்விக்குப் பதில்: வாங்காதீர்கள். ரிக் நல்ல நிலையில் இருந்தாலும், நண்பர் நல்லவராக இருந்தாலும், விலை பாதியாக இருந்தாலும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். மற்ற கேள்விகளுக்கான பதிலும் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

இந்த விளையாட்டுக்கு வெளியே இருப்பவர்களின் பயம் எல்லாம் "பாராசூட் விரியாவிட்டால்?" என்பதுதான். ஊரில் அம்மாவும் அதைத்தான் கேட்பார். ஆனால் 1990-களில் இருந்தே பெரிய காயங்களிலும் மரணங்களிலும் கணிசமான பங்கு, எந்தக் கோளாறும் இல்லாமல் முழுசாக விரிந்த கேனபியின் கீழேதான் நடக்கிறது. தரைக்கு நூறு அடி மேலே வந்தபின் வேலி தெரிகிறது, அல்லது குறுக்கே இன்னொருவர் வருகிறார். பதற்றத்தில் ஒரு பக்க டாகிளை (கேனபியைத் திருப்பும் பிரேக் கயிற்றின் கைப்பிடி) ஆழமாக இழுக்கிறார். கேனபி திரும்பிக்கொண்டே கீழ்நோக்கிப் பாய்கிறது, நிமிர்வதற்கு உயரம் போதாது. இதற்கு ரிசர்வும் உதவாது, ஏஏடியும் உதவாது. அந்தச் சில விநாடிகளில் உங்களுக்குச் சாதகமாக இருக்கக்கூடியவை இரண்டே. ஒன்று, தலைக்கு மேலே இருக்கும் துணியின் பரப்பளவு. இன்னொன்று, கைக்கு ஏற்கெனவே பழக்கமான, உயரத்தை அதிகம் இழக்காத ஒரு தட்டையான திருப்பம். அதனால் உபகரணப் பட்டியலில் முதலாவதாகத் தீர்மானிக்க வேண்டியது கேனபியின் அளவு.

கணக்கு எளிது. உடல் எடையோடு ரிக், உடை, ஹெல்மெட் எல்லாவற்றையும் சேர்த்தால் விமானத்தை விட்டு வெளியேறும் எடை வரும். 72 கிலோ என்றால் ஏறக்குறைய 158 பவுண்டு, அதோடு சாமான்கள் 25 பவுண்டு, மொத்தம் 183. இதைக் கேனபியின் சதுர அடியால் வகுத்தால் கிடைப்பது விங் லோடிங். 190-க்கு 0.96, 170-க்கு 1.08, நண்பரின் 150-க்கு 1.22. உங்கள் நிலையில் 1.0-ஐத் தாண்டாமல் இருப்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் அறிவுரை. பலரும் பயன்படுத்தும் ஒரு கைக்கணக்கு உண்டு: 1.0-இல் ஆரம்பித்து, ஒவ்வொரு நூறு ஜம்ப்புக்கும் அதிகபட்சம் 0.1 கூட்டலாம். அதுவும் உச்சவரம்பு மட்டுமே, அங்கே போயே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கணக்குப்படி 1.22 என்பது இருநூறு ஜம்ப்பைத் தாண்டியவருக்கான எண்.

0.96-க்கும் 1.22-க்கும் இடையே என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். ஒரே எடை சின்ன கேனபியில் தொங்கும்போது வேகம் விங் லோடிங்கின் வர்க்கமூலத்தை ஒட்டி ஏறும், தரையில் மோதும் ஆற்றல் விங் லோடிங்குக்கு நேர் விகிதத்தில் ஏறும். 190-இலிருந்து 150-க்குப் போனால் வேகம் சுமார் 13 சதவீதம் கூடுகிறது, நீங்கள் ஃப்ளேர் செய்யத் (தரை தொடும் முன் இரண்டு டாகிளையும் இழுத்து வேகத்தைக் குறைக்க) தவறினால் கணுக்கால் வாங்கவேண்டிய ஆற்றல் 27 சதவீதம் கூடுகிறது. அதோடு சின்ன கேனபிக்குக் கயிறுகளும் குட்டை. டாகிளைத் தொட்டவுடன் திரும்பும், திரும்பும்போது அதிக உயரத்தை விழுங்கும். இந்தக் கடைசி விஷயம் எடை குறைந்தவர்களுக்கு, குறிப்பாக ஐம்பது கிலோவை ஒட்டிய பெண்களுக்கு, ரொம்ப முக்கியம். அவர்களுக்கு 135 சதுர அடியிலேயே விங் லோடிங் 1.0 வந்துவிடும். எண் ஒன்றுதானே என்று அதை உங்கள் 190 மாதிரி நினைக்கக் கூடாது, அந்த 135 உங்கள் 190-ஐ விடச் சுறுசுறுப்பாகவே நடந்துகொள்ளும்.

இதற்கு மேல் பெரிஸின் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த இடம் கடல்மட்டத்துக்கு 1,400 அடி மேலே. கோடையில் 38 டிகிரி அடிக்கும் மதியத்தில் காற்று லேசாகிவிடும். கடல்மட்டத்தில் மிதமான ஒரு நாளோடு ஒப்பிட்டால் அதே கேனபி சுமார் 7 சதவீதம் வேகமாகத் தரையிறங்கும். பாலைவன ஓரம் என்பதால் புழுதிச் சுழல்காற்றும் எழும்பும். காற்றே வீசாத, கொதிக்கும் மதியத்தில்தான் புதியவர்கள் அதிகம் விழுந்து புரள்வார்கள். எதிர்க்காற்று இல்லாததால் கேனபியின் முழு வேகமும் அப்படியே தரை வேகமாக வந்துவிடும். காலையில் ஜம்மென்று நின்று இறங்கிய அதே ஆள் மதியம் முழங்காலில் சறுக்கிக்கொண்டு போவதற்குக் காரணம் இதுதான். திறமை நடுவில் எங்கும் போய்விடவில்லை.

"எல்லா ஜம்ப்பிலும் நின்றுதான் இறங்குகிறேன், சின்னதுக்குப் போனால் என்ன?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இவைதான். ட்ராப்ஸோனுக்கு வெளியே, தெரியாத நிலத்தில் இறங்கியிருக்கிறீர்களா? பக்கக்காற்றில் வேண்டுமென்றே இறங்கிப் பார்த்திருக்கிறீர்களா? காற்றே இல்லாத நாளில்? லேசான சரிவில்? அரை பிரேக்கில் வைத்துக்கொண்டு அதிக உயரத்தை இழக்காமல் 90 டிகிரி திரும்ப வருமா? ஃப்ளேரை ஆரம்பித்துவிட்ட பிறகு தடங்கல் தெரிந்தால், ஃப்ளேரை விடாமலே சற்று ஒதுங்க முடியுமா? குறிவைத்த இடத்துக்குப் பத்து மீட்டருக்குள் தொடர்ந்து இறங்குகிறீர்களா? இதையெல்லாம் இப்போதைய கேனபியில் செய்து காட்டிய பிறகு ஒரு அளவு குறைப்பதைப் பற்றிப் பேசலாம். ஒரே ஒரு அளவு. 190-இலிருந்து 170. 150-ஐப் பற்றி அதற்கு அப்புறம் யோசிக்கலாம்.

சரி, 190-இல் எது? காற்று நிரம்பும் ஒன்பது அறை கொண்ட, ஓரங்கள் மிதமாகக் குவிந்த, முழுக்க ஜீரோ-பொராசிட்டி (காற்று ஊடுருவாத) துணியில் தைத்த கேனபி போதும். பெர்ஃபார்மன்ஸ் டிசைன்ஸின் சேபர்2, சேபர்3, இக்காரஸின் சஃபையர், ஏரோடைனின் பைலட் போன்றவை இந்த வகை. ஏழு அறை கொண்ட ஸ்பெக்டரும் நல்ல தேர்வுதான், மென்மையாக விரியும், ஆனால் சறுக்கு தூரம் சற்றுக் குறைவு. மலிவாகக் கிடைக்கும் மிகப் பழைய ஒரிஜினல் சேபர்களைப் பார்த்தால் யோசியுங்கள், பளீரென்று அடித்து விரியும் பெயர் அவற்றுக்கு உண்டு, கழுத்து பிடித்துக்கொள்ளும். ஸ்டிலெட்டோ, கட்டானா, வெலாசிட்டி என்ற பெயர்களைக் கண்டால் அளவைக்கூடப் பார்க்காமல் நகர்ந்துவிடுங்கள், எவ்வளவு பெரிய அளவில் வந்தாலும் அவை உங்களுக்கானவை இல்லை. நிறம் பற்றிக் கவலையே வேண்டாம். பழுப்பும் ஊதாவும் கலந்த கேனபிகள் மார்க்கெட்டில் மலிவாகக் கிடைப்பதற்கு ஒரே காரணம் அவற்றின் அழகுதான்.

பழையது வாங்குவதில் தவறே இல்லை. புதிதாக எல்லாம் வாங்கினால் எண்ணாயிரம் டாலரைத் தாண்டும், மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும், அதற்குள் உங்கள் தேவையே மாறியிருக்கும். ஆனால் பழைய ரிக்கில் கண்ணுக்குத் தெரியாத சில விஷயங்கள் உண்டு.

கயிறுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பெக்ட்ரா வகைக் கயிறு, விரியும்போது, விரிவதை மெதுவாக்கும் ஸ்லைடர் துணி உரசி வரும் சூட்டில் மெல்ல மெல்லச் சுருங்கும். ஓரக் கயிறுகளும் பிரேக் கயிறுகளும்தான் அதிகம் சுருங்கும். பிரேக் கயிறு சுருங்கினால் டாகிளை முழுசாக விட்ட நிலையிலும் கேனபியின் பின்விளிம்பு கீழே இழுபட்டே இருக்கும். மந்தமாகப் பறக்கும், ஃப்ளேர் சரியாக வராது, வாங்கியவர் தன் கையில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருப்பார். பறக்கும்போது டாகிளை முழுசாக மேலே விட்டுவிட்டு அண்ணாந்து பாருங்கள். பிரேக் கயிறுகள் பின்னால் வில் மாதிரி லேசாகத் தொய்ந்து வளைந்திருக்க வேண்டும். விறைப்பாக நேர்க்கோட்டில் இருந்தால் ரிக்கரிடம் (பாராசூட்டைப் பழுதுபார்க்க உரிமம் பெற்றவர்) கொடுக்க வேண்டிய நேரம். வெக்ட்ரான், எச்எம்ஏ கயிறுகளுக்கு இந்தச் சுருக்கம் இல்லை, ஆனால் அவை தேய்ந்து சட்டென்று அறுந்துவிடும். எப்படிப் பார்த்தாலும் சில நூறு ஜம்ப்புக்கு ஒருமுறை கயிறு மாற்றும் செலவு இருக்கிறது. விற்பவர் "லைன்செட் பழசு" என்று சொன்னால் அந்தத் தொகையை விலையில் கழித்துக் கேளுங்கள்.

மெயினை வெளியே இழுக்கும் குட்டிப் பாராசூட்டான பைலட் சூட்டைப் பெரும்பாலானவர்கள் பார்ப்பதே இல்லை. அதன் நடுவில் ஓடும் கில்-லைன் என்ற கயிறும் காலப்போக்கில் சுருங்கும். சுருங்கினால் பைலட் சூட் அரைகுறையாகத்தான் காற்றைப் பிடிக்கும், மெயின் தயங்கித் தயங்கி வெளியே வரும். அதை வைத்திருக்கும் அடிப்பக்கப் பையின் எலாஸ்டிக் தொளதொளத்திருந்தால் இன்னும் மோசம், நீங்கள் இழுக்காமலே வெளியே நழுவலாம். விமானக் கதவருகே அது நடந்தால் உங்களோடு சேர்த்து விமானத்தின் வாலுக்கும் ஆபத்து. கன்டெய்னரை (பாராசூட்டுகள் இருக்கும் முதுகுப்பை) மூடும் சின்ன நூல் வளையமான லூப் நைந்திருந்தாலும் இதே கதைதான். சில காசு பெறாத பொருள் அது. நைந்த நூல் ஒன்று கண்ணில் பட்டாலும் அன்றே மாற்றிவிடுங்கள்.

கன்டெய்னர் வாங்கும்போது இன்றைய கேனபியையும் அடுத்த கேனபியையும் சேர்த்து யோசியுங்கள். 190 உள்ளே போகக்கூடிய, பின்னாளில் 170 வைத்தாலும் இறுக்கமாக மூடக்கூடிய அளவு பார்த்து வாங்கினால் இரண்டு மூன்று வருடத்துக்குக் கவலை இல்லை. 150-க்குத் தைத்த கன்டெய்னரில் 190-ஐத் திணிக்கக் கூடாது. மடித்த கேனபி இருக்கும் உள்பை வெளியே வரச் சிக்கலாகும். பெரிய கன்டெய்னரில் ரொம்பச் சின்னதை வைத்தால் லூப்பில் இறுக்கம் போதாமல், அதில் செருகிய பின் (ஊசி) தானாக நழுவும். ஆகவே "ரிக்கை அப்படியே வாங்கிக்கிறேன், கேனபியை மட்டும் பெருசா மாத்திக்கிறேன்" என்ற யோசனையும் நண்பரின் ரிக்கில் நடக்காது. உங்களைத் தாங்கும் பட்டைகளான ஹார்னஸும் உடம்புக்குப் பொருந்த வேண்டும். அண்ணன் சட்டையைத் தம்பி போட்ட மாதிரி தொங்கினால், கேனபி விரிந்ததும் ஹார்னஸ் மேலே ஏறி, கைப்பிடிகள் நீங்கள் பயிற்சி செய்த இடத்தில் இருக்காது. தரையில் தொங்கவிட்டுப் பார்க்கும் வசதி ட்ராப்ஸோனிலேயே இருக்கும். போட்டுக்கொண்டு தொங்கி, மெயினைக் கழற்றிவிடும் வலது பக்கச் சிவப்பு கட்-அவே கைப்பிடியும் இடது பக்க ரிசர்வ் கைப்பிடியும் பார்த்தவுடன் கைக்கு வருகிறதா என்று பாருங்கள். ஹார்னஸை மாஸ்டர் ரிக்கர் அளவு மாற்றித் தர முடியும், ஆனால் அது செலவு.

ரிசர்வின் அளவை யாரும் விசாரிப்பதில்லை. விசாரியுங்கள். நீங்கள் மயக்கமாகிக் கீழே வரும்போது உங்களை இறக்கப்போவது அதுதான், ஃப்ளேர் செய்ய ஆளில்லாமல். தெரியாத இடத்தில், பதறிய மனநிலையில் இறங்கும்போதும் அதுதான் தலைக்கு மேல் இருக்கும். மெயின் 150 உள்ள கன்டெய்னரில் ரிசர்வும் பெரும்பாலும் அதே அளவில் அல்லது அதைவிடச் சின்னதாகத்தான் இருக்கும். ரிசர்வ் ஏழு அறை, காற்று ஊடுருவும் துணி. அதே அளவு மெயினைப் போல நீண்டு சறுக்காது. மெயினுக்கு 190 என்று பிடிவாதமாக இருந்துவிட்டு 126 ரிசர்வை ஏற்றுக்கொள்வது அர்த்தமே இல்லாத வேலை.

ஏஏடி பற்றி விவாதமே கிடையாது, கட்டாயம் வேண்டும். ஜெர்மனியின் ஏர்டெக் நிறுவனம் 1991-இல் கொண்டுவந்த சைப்ரஸ்தான் இந்தத் தானியங்கிக் கருவியை எல்லோரும் நம்பும்படி செய்தது. எக்ஸ்பர்ட் மாடல், தரைக்குச் சுமார் 225 மீட்டர் மேலே, நீங்கள் விநாடிக்கு 35 மீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால் ரிசர்வ் லூப்பை வெட்டிவிடும். மாணவர் மாடல் விநாடிக்கு 13 மீட்டரிலேயே வெட்டும். வாங்கும்போது எது என்று பாருங்கள், ஆயுள் தயாரித்த தேதியிலிருந்து எண்ணப்படும் என்பதையும் மறக்காதீர்கள். புதிய சைப்ரஸ்களுக்கு அது பதினைந்தரை ஆண்டுகள். பழைய ஏஏடிக்கு விலை பேசும்போது மிச்சமுள்ள ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பேசுவது வழக்கம். ஒன்றிரண்டு வருடமே மிச்சம் என்றால் அதற்குப் பெரிய விலை கொடுக்காதீர்கள்.

ஆர்எஸ்எல்-ஐ, அதாவது மெயினை வெட்டிவிட்டதும் அந்த இழுவிசையிலேயே ரிசர்வ் பின்னை இழுத்துவிடும் பட்டையை, கழற்றிவிடச் சொல்லும் மூத்தவர்கள் சிலர் ட்ராப்ஸோனில் இருப்பார்கள். கேமரா வைத்துக் குதிப்பவர்களுக்கும் கேனபிகளை ஒன்றோடொன்று பிணைத்துப் பறப்பவர்களுக்கும் அதற்குக் காரணங்கள் உண்டு. உங்களுக்கு இல்லை. மெயினை வெட்டிவிட்டு ரிசர்வை இழுக்காமல், அல்லது தாமதமாக இழுத்து இறந்தவர்கள் இந்த விளையாட்டின் வரலாற்றில் நிறைய. ஸ்கைஹுக் போன்ற அமைப்பு உள்ள ரிக் கிடைத்தால் இன்னும் நல்லது. கழன்று போகும் மெயினே ரிசர்வை வெளியே இழுத்துக்கொடுக்கும்.

அந்த ஸ்கைஹுக்குக்கும், எல்லா ரிக்கிலும் தோளருகே இருக்கும் மூன்று வளைய விடுவிப்புக்கும் பின்னால் இருப்பவர் பில் பூத். ஸ்கைடைவிங் சாமான்கள் எவ்வளவு பாதுகாப்பாகிறதோ அவ்வளவு கூடுதல் ஆபத்தை ஜம்பர்கள் தேடிப்போவார்கள், சாவு எண்ணிக்கை அப்படியே நிற்கும் என்று அவர் சொன்னது பிரபலம். அது அப்படியே பலிக்கவில்லை. அமெரிக்காவில் 1970-களில் ஆண்டுக்குச் சராசரியாக நாற்பதுக்கு மேல் இறந்தார்கள், 2023-இல் பத்துப் பேர், அதுவும் ஜம்ப்புகளின் எண்ணிக்கை முப்பத்தாறு லட்சத்தைத் தாண்டிய ஆண்டில். ஆனாலும் தனிமனிதர்கள் விஷயத்தில் பூத் சொன்னது சரி என்பதே என் எண்ணம். "ஏஏடி இருக்கு, ஸ்கைஹுக் இருக்கு, 150 ஓகே" என்று ஒருவர் பேசுவதை எந்த ட்ராப்ஸோனிலும் கேட்கலாம். அந்த இரண்டு கருவிகளும் 150-இல் இறங்குவதை ஒரு துளிகூடப் பாதுகாப்பாக்காது.

ஹெல்மெட்டுக்கு, மோதல் சோதனை செய்து தரச்சான்று பெற்ற ஒன்று. கைக்கு, உயரம் காட்டும் ஆல்டிமீட்டர் முள்ளா டிஜிட்டலா என்பது ருசி. எனக்கு முள் பிடிக்கும், எண்ணைப் படிக்காமலே உயரம் புரியும். காதில் பீப் அடிக்கும் ஆல்டிமீட்டரை இரண்டாவதாக வாங்குங்கள். அது அடிக்கும்வரை கையைப் பார்க்கவேண்டாம் என்று பழகிவிட்டால் பேட்டரி தீரும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள். கொக்கிக் கத்தி ஒன்று, கொக்கி இல்லாத ஷூ. அவ்வளவுதான்.

கோப்ரோ இப்போதைக்கு வேண்டாம். அமெரிக்க ஸ்கைடைவிங் சங்கமான யுஎஸ்பிஏ 200 ஜம்ப்புக்குப் பிறகு என்கிறது, பல ட்ராப்ஸோன்கள் அதற்கு முன் அனுமதிப்பதே இல்லை. அது கயிறில் மாட்டிக்கொள்ளும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கதவருகே உங்கள் கவனம் போகுமிடம். கேமராவின் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்க்கும் அதே பத்து விநாடிதான் மார்புப்பட்டை சரியாகக் கோத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டிய நேரம். 1988-இல் வட கரோலினாவில் அனுபவசாலியான ஒரு கேமராமேன், மற்றவர்களைப் படமெடுக்கப் பாராசூட்டே அணியாமல் விமானத்திலிருந்து குதித்துவிட்டார். நம்ப முடியாதது போல இருக்கும், ஆனால் அது பதிவான சம்பவம். கேமரா என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவாக நான் ஒன்றும் சொல்ல முடியாது.

பணம் மிச்சம் இருந்தால் கேனபி கோர்ஸில் போடுங்கள். அடுத்த நிலையான பி லைசென்ஸுக்கு 50 ஜம்ப்போடு கேனபி பயிற்சி அட்டையும் முடித்திருக்க வேண்டும். அதை வெறும் கையெழுத்து வாங்கும் வேலையாக நடத்தாமல், ஒவ்வொரு இறக்கத்தையும் வீடியோ எடுத்துத் திருத்தும் பயிற்சியாளரைத் தேடுங்கள். அப்புறம் மாதத்துக்கு ஒன்றிரண்டு ஜம்ப்பையாவது தாழ்வாக, 5,000 அடியில் தனியாக வெளியேறி, உடனே கேனபியை விரித்து அதை மட்டும் ஓட்டிப் பழகச் செலவிடுங்கள். எங்கே ஸ்டால் ஆகிறது (பறப்பதை நிறுத்திச் சரிகிறது), அரை பிரேக்கில் எவ்வளவு மெதுவாகத் திரும்பும், டாகிள் உடைந்தால் பின் ரைசரால் (கயிறுகளை ஹார்னஸோடு இணைக்கும் பட்டை) எப்படி ஃப்ளேர் செய்வது எல்லாம் அங்கே தெரியும். நண்பர்களோடு குழுவாகக் குதிப்பது சந்தோஷம்தான், ஆனால் அந்த ஜம்ப்பில் கேனபியைப் பற்றி யாரும் ஒன்றும் கற்பதில்லை.

மாணவராக இருந்தபோது காற்று மணிக்கு 14 மைலைத் தாண்டினால் உங்களைத் தரையில் உட்கார வைத்தார்கள். லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாளே அந்த வரம்பு போய்விட்டது, இனி யாரும் தடுக்க மாட்டார்கள். அதனால் உங்களுக்கென்று ஒரு வரம்பை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வீச்சு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதையும் சேர்த்து. கட்டடம், மரவரிசை இருந்தால் அதன் உயரத்தைப் போலப் பத்திலிருந்து இருபது மடங்கு தூரம்வரை காற்றுப்போகும் திசையில் கலங்கல் இருக்கும். அந்த இடத்தில் இறங்காதீர்கள். ஆயிரம், அறுநூறு, முன்னூறு அடி என்று இறங்குபாதையைக் குதிப்பதற்கு முன்பே தரையில் நடந்து பார்த்துக்கொள்ளுங்கள். முன்னூறுக்குக் கீழே வந்தபின் பெரிய திருப்பம் கிடையாது. இடம் தவறிவிட்டால் தவறட்டும், பக்கத்து வயலில் நேராக இறங்கி நடந்து வரலாம். இறங்கும் வேகம் சரியில்லை என்று தோன்றினால் நிற்கப் பார்க்காமல் கால்களைச் சேர்த்து, பாதம், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகுப்பக்கம் என்று வரிசையாக உருண்டுவிடுங்கள். உருள்வது அசிங்கம் என்று நினைப்பவர்கள்தான் கட்டுப்போட்டுக்கொண்டு காரில் உட்கார்ந்து மற்றவர்கள் குதிப்பதைப் பார்க்கிறார்கள்.

உயரங்களை மனப்பாடமாக வைத்திருங்கள். ஏ லைசென்ஸ்காரர் 3,000 அடிக்குக் கீழே போவதற்குள் பாராசூட்டை விட்டாக வேண்டும், நான் உங்களை 4,000-இல் விடச் சொல்வேன். 2,500-க்கு இறங்குவதற்குள் முடிவு எடுத்திருக்க வேண்டும். அதற்குள் ஓட்டக்கூடிய கேனபி தலைக்கு மேல் இல்லையென்றால் கட்-அவே, உடனே ரிசர்வ். அதற்கு அப்புறமும் கயிற்று முறுக்கை அவிழ்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இதை வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு கையால் செய்து பாருங்கள், ஒவ்வொரு ஜம்ப் நாளும் காலையில் ஒருமுறை.

ரிக்கைப் போடுவதற்கு முன், விமானம் ஏறுவதற்கு முன், கதவு திறப்பதற்கு முன் என்று மூன்று முறை சோதனை. மூன்று வளையங்கள், மூன்று பட்டைகள், மூன்று கைப்பிடிகள். யாராவது நடுவில் பேச்சுக் கொடுத்தால் முதலிலிருந்து ஆரம்பியுங்கள். வளையங்களை மாதம் ஒருமுறை கழற்றி, ரைசரை வளைத்துப் பிசைந்து, கேபிளைத் துடைக்க வேண்டும். ரிக்கர் ஒருமுறை காட்டிக்கொடுத்தால் போதும். ரிசர்வை 180 நாளுக்கு ஒருமுறை ரிக்கர் திறந்து மடித்துத் தருவது அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ-வின் சட்டம், அதன் தேதியை மறக்காதீர்கள். மெயினை நீங்களே மடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கூலிக்கு மடித்துத் தரும் பேக்கரிடம் கொடுப்பது தவறல்ல, ஆனால் சொந்தச் சாமானில் என்ன தேய்கிறது என்பது மடிக்கும்போதுதான் கண்ணில் படும்.

குளிர்காலத்தில் ஊருக்கு வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பினால், ஏ லைசென்ஸ்காரர்களுக்குக் குதிக்காத இடைவெளி 60 நாள்தான் கணக்கு. அதைத் தாண்டினால் முதல் ஜம்ப் பயிற்றுநரோடு. பொங்கல் சாப்பாட்டில் கூடிய கிலோக்களையும் விங் லோடிங்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், சும்மா சொல்லவில்லை.

இப்போதைக்குச் செய்யவேண்டியது: ட்ராப்ஸோன் கடையில் 190 டெமோ கேட்டு ஒரு வாரக்கடைசி குதித்துப் பாருங்கள். பிடித்தால் 190 மெயினும் 176-க்குக் குறையாத ரிசர்வும் கொள்ளும் கன்டெய்னரைத் தேடுங்கள், ஆறு மாதம் ஆனாலும் பரவாயில்லை, அதுவரை வாடகை ரிக். எதைப் பிடித்தாலும் பணம் கைமாறுவதற்கு முன், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு ரிக்கரிடம் முழுசாகத் திறந்து காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண்போகாது. நண்பர் வருத்தப்படுவார் என்றால், 150-ஐ இன்னும் இருநூறு ஜம்ப் கழித்துக் கேட்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். நல்ல நிலையில் இருக்கும் ரிக் என்றால் அதற்குள் வேறு யாராவது வாங்கிவிடுவார்கள், அதுபோல இன்னொன்று வரும். ஏதாவது ரிக் கண்ணில் பட்டால் ரிசர்வ் அளவு, அட்டையில் உள்ள கடைசி மடிப்புத் தேதி, ஏஏடி தயாரித்த மாதம், கயிறு மாற்றியபின் எத்தனை ஜம்ப் என்ற நான்கையும் விற்பவரிடம் வாங்கி இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.